அஞ்சம்மாளின் ஒரு மாவும் என் பூஜ்யமும்

“அது படிச்சுப் பாத்துட்டு இல்லைங்குதா, படிக்காமயே இல்லைங்குதாம்மா?”

ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றபடி அஞ்சம்மாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. குரலில் கோபம் இல்லை. சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துச் சொத்தை இருக்கிறதா என்று விசாரிக்கும் குரல். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தஞ்சாவூரில் ஓர் அரசு அலுவலகத்தின் பின்கட்டில் ஒப்பந்த வேலை. ‘கணிப்பொறி அறை. செருப்பை வெளியே விடவும்’ என்று கதவில் எழுதியிருக்கும். கோயிலுக்கு அடுத்தபடியாக அந்த ஊரில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற இடம் எங்கள் அறைதான் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

அஞ்சம்மாள் செருப்பில்லாமல்தான் வந்திருந்தார். கீழமங்கலத்திலிருந்து பஸ். ஐம்பதை ஒட்டிய வயது, கணுக்கால் வரை காய்ந்த சேறு.

அவர் சிக்கல் இதுதான். நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் யார், எவ்வளவு என்று அந்த வருஷம் ஊர் ஊராகக் கணக்கெடுத்திருந்தார்கள். பட்டியலில் பெயர் வந்தால் சாகுபடிதாரர். எவரும் நிலத்தை விட்டு எழுந்திரு என்று சொல்ல முடியாது. வராவிட்டால், நீ யாரோ நான் யாரோ. அன்று காலை கீழமங்கலத்தில் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். அஞ்சம்மாள் பெயர் இல்லை. நிலக்காரரின் காரியஸ்தர் ஒட்டின கையோடு ஆள் அனுப்பி, நாற்று விட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“நேத்து சாயங்காலம்தாம்மா வெதைய ஊறப் போட்டேன். இன்னிக்கு சாக்குல கட்டி வைக்கணும். நாளன்னிக்கு மொள வந்துரும், தெளிச்சாகணும். தெளிக்கலேன்னா கோழிக்குத்தான் போடணும்.”

ஆட்சேபணை கேட்க அதிகாரி ஊருக்கு வருவதும் நாளன்றைக்குக் காலையில்தான். விதைக்கும் அதிகாரிக்கும் ஒரே முகூர்த்தம்.

நான் பெயரைத் தட்டிப் பார்த்தேன். திரையில் பச்சை எழுத்தில் பதில் வந்தது.

“உங்க பேருக்கு நெலம் பூஜ்யம்னு காட்டுதும்மா. பூஜ்யம்னா பட்டியல்ல வராது.”

“எப்புடி பூஜ்யம்? ஒரு மா நெலம். எங்க மாமனாரு காலத்துலேர்ந்து நாங்கதான் பயிர் பண்றோம். எழுதுறப்ப நான் பக்கத்துலதானே நின்னேன், கைநாட்டும் வச்சேன்.”

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா.”

இதைச் சொன்னவள் நான்தான். அதற்குப் பதிலாகத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். எங்கள் ஊர் ஆபீசுகளில் காகிதத்தைப் பிரிக்காமலே ‘இல்லை’ என்று சொல்கிறவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவர் அவர். புதிதாக வந்த பெட்டியும் அந்த ஜாதிதானா என்று தெரிந்துகொள்ள விரும்பினார், அவ்வளவுதான்.

கோபக்கார வாசகருக்கு ஓர் இடைச்செருகல்

சென்ற வாரம் கும்பகோணத்துக் காபியைப் பற்றி நான் எழுதியதில் கோபம்கொண்டு ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். காபியில் சிக்கரி கலந்தது என்று எழுதியது என் குற்றம். இந்த வாரம் காபி இல்லை, கம்ப்யூட்டர். அதில் அவருக்குக் கோபம் வர இடமில்லை என்று நம்புகிறேன். வந்தால் மையும் காகிதமும் அவர் செலவு.

நான் கும்பகோணத்துக்காரி. அத்தா சவுதியில் இருந்தார். வீட்டுப் பொறுப்பு அவருடைய அண்ணன், என் பெரியத்தாவிடம். அவருக்கு அரிசிக் கடை. பெண் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறது என்றதும் பெரியத்தா கேட்ட முதல் கேள்வி: “அது சோறு போடுமா?” கடையில் உட்கார்ந்து அரிசி விற்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

காலையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் தஞ்சாவூர். வழியெல்லாம் சுவர். ஆட்சி மாறினால் சுவரின் நிறமும் மாறும். அடியில் பழைய ‘உழுபவனுக்கே நிலம்’ மட்டும் சுண்ணாம்பைத் தாண்டி மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும். அதை யாரும் முழுசாக அழிக்கவுமில்லை, புதிதாக எழுதவுமில்லை.

எழுத்து வேறு, எண் வேறு

எங்கள் அறையில் யூனிக்ஸ் ஓடும் ஒரே ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து வயர் இழுத்த நான்கு திரைகள். ஷெல் என்று ஒன்று இருக்கும். நாம் கட்டளை தட்டினால் அது வேலையை முடித்துப் பதில் சொல்லும். ‘கீழமங்கலத்து வரிகளை மட்டும் பொறுக்கு’ என்றால் grep பொறுக்கித் தரும். ‘அதில் நாலாவது கட்டத்தை மட்டும் நறுக்கு’ என்றால் cut நறுக்கித் தரும். சொன்னதைச் செய்யும், எதிர்த்துப் பேசாது. பெரியத்தா என்னிடம் எதிர்பார்த்த குணங்கள் எல்லாம் அதனிடம் இருந்தன.

ஒரே ஒரு சங்கடம். ஷெல் தரும் பதில் எல்லாமே எழுத்து. திரையில் 12 என்று தெரிகிறதே, அது பன்னிரண்டு அல்ல. ‘1’ என்ற எழுத்தும் ‘2’ என்ற எழுத்தும் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றைக் கூட்ட முடியாது, வகுக்க முடியாது.

எனக்கோ வகுக்க வேண்டும். படிவத்தில் எல்லாம் மாக் கணக்கு. மூன்று மா ஓர் ஏக்கர். ஊர்க்காரர்களுக்கு மா தெரியும். மேலிடத்துக்கு ஏக்கர்தான் தெரியும். நடுவில் மாற்றிக் கொடுக்க சி மொழியில் நான் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன்.

அந்தப் புரோகிராம் popen என்ற வழியில் ஷெல் கட்டளையை ஓட்டும். கட்டளையின் பதில் வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதிரி உள்ளே வரும். fgets ஒவ்வொரு வரியாக அள்ளும். அள்ளிய எழுத்தை எண்ணாக மாற்றுவது atoi. நாங்கள் ஏ-டு-ஐ என்போம்.

இந்த ஏ-டு-ஐயின் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். இடமிருந்து படித்துக்கொண்டு வரும். முன்னால் காலி இடம் இருந்தால் தாண்டிவிடும். இலக்கம் வருகிற வரை சேர்த்துக்கொள்ளும். வேறு ஏதாவது வந்தால் அங்கேயே நின்று, அதுவரை சேர்த்ததைக் கொடுத்துவிடும். வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் வரிமுடிவுக் குறியைக்கூட நாம் துடைக்க வேண்டியதில்லை.

ஆரம்பத்திலேயே இலக்கம் இல்லாவிட்டால்? பூஜ்யம் என்று சொல்லிவிடும். ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லும் வழக்கம் அதற்குக் கிடையாது. உண்மையான பூஜ்யத்துக்கும், படிக்கத் தெரியாததால் வந்த பூஜ்யத்துக்கும் அதன் வாயில் ஒரே பதில். அந்த மாதிரி மனிதர்கள் சிலரும் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள்.

என்னிடம் இருந்த புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே strtol என்று இன்னொன்று இருந்தது. அதற்கு எழுத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது. எதுவரைக்கும் படித்தாய் என்று விரல் வைத்துக் காட்ட ஓர் இடமும் கொடுக்க வேண்டும், பத்தாம் கணக்கா எட்டாம் கணக்கா என்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு கேள்வி கேட்கிறதே என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். சோம்பேறித்தனத்துக்கு அன்று நான் வைத்த பெயர் எளிமை.

ஒன்று என்று சொல்லாத மனிதர்

கணக்கெடுத்த படிவங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. முன் அறையில் ஒருவர் படிக்க, ஒருவர் தட்ட வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஏசியில் நான். அது எனக்காகப் போட்ட ஏசி இல்லை, பெட்டிக்காக. மின்விசிறிச் சத்தத்தில் முன் அறையில் பேசுவது எனக்குக் கேட்காது.

படித்தவர் கோவிந்தசாமி. ஒரு கிராமத்துத் தலையாரி. ஊர்க் கையெழுத்துகள் எல்லாம் அவருக்குப் பழக்கம் என்பதால் தற்காலிகமாக அனுப்பியிருந்தார்கள். இதற்கு முன் பெரிய மிராசு ஒன்றின் களத்தில் நெல் அளந்தவர். கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருக்கும். குரல் மட்டும் இன்னும் களத்திலேயே இருந்தது. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, நெற்போரின் அந்தப் பக்கம் நிற்பவனுக்குச் சொல்வது போலச் சொல்வார்.

தட்டியவள் செல்வி. தரங்கம்பாடி. அண்ணன்மார் கடலுக்குப் போகிறவர்கள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். காதில் விழுவது விரலில் இறங்கிவிடும்; நடுவில் மூளையைத் தொந்தரவு செய்ய மாட்டாள். டைப்ரைட்டிங் வகுப்பில் அப்படித்தான் அடித்துப் பழக்குவார்கள்.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. அவள் பழகிய பழைய மிஷினில் ஒன்றுக்குத் தனி விசை கிடையாது. சின்ன எல் எழுத்தையே ஒன்றாக அடிப்பார்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் பன்னிரண்டுக்கு எல் அடித்து இரண்டு அடித்தாள். ஏ-டு-ஐ முதல் எழுத்திலேயே நின்று பூஜ்யம் என்றது. பன்னிரண்டு மாக்காரர்கள் எல்லாம் ஓட்டாண்டி ஆனார்கள். கண்டுபிடித்துத் திருத்தினேன். எங்கள் அதிகாரி சுந்தரம் சார் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயின் போதையில் நான் இன்னொரு காரியம் செய்தேன்: பூஜ்யம் வந்த வரியைப் பட்டியலில் சேர்க்காமலே விட்டுவிடும்படி புரோகிராமில் எழுதினேன். நிலமே இல்லாதவர் சாகுபடிதாரர் எப்படி ஆவார் என்பது என் நியாயம்.

நியாயம் என்னவோ சரிதான்.

ஜன்னலுக்கு இரண்டு பக்கமும்

அஞ்சம்மாளின் கேள்விக்கு வருகிறேன்.

படித்துப் பார்த்தா, படிக்காமலேயா என்று கேட்டுவிட்டு அவர் நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த அம்மாளுக்கு மூல வரியையே காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதுகூட அந்த ரோஷத்தில் தோன்றவில்லை. என் புரோகிராமை ஒதுக்கிவிட்டு நேராக ஷெல்லில் grep போட்டேன்.

வரி வந்தது. ஊர், பெயர், கணவர் பெயர். நாலாவது கட்டத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது: labam.

லாபம்.

எனக்கு முதுகில் குளிர்ந்தது. ஏசி காரணமில்லை.

காவிரிக்கரையில் நெல்லோ அரிசியோ அளந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மரக்காலில் அளக்கத் தொடங்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. மங்களமாகத் தொடங்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. பெரியத்தா கடையில் தினமும் என் காதில் விழுந்த சொல் அது.

எழுந்து முன் அறைக்கு ஓடினேன்.

“செல்வி, இது என்ன, லாபம்னு அடிச்சிருக்கே?”

“அய்யா அப்படித்தான்க்கா சொன்னாரு.”

“லாபம்னா என்னான்னு கேக்கலையா?”

“மொத நாளே கேட்டேன். ‘லாபம்னா லாபம்தான், அடி புள்ள’ன்னாரு. நஞ்சை, புஞ்சைங்கிற மாதிரி அதுவும் ஒரு தினுசு நெலம் போலருக்குன்னு நெனைச்சுட்டேன்.” அவள் கண் கலங்கிவிட்டது. “எங்க ஊர்ல மீன ஏலம் விட்டுக் கூடையோட தூக்குவாங்க. யாரும் மரக்கால்ல அளக்க மாட்டாங்கக்கா. எனக்கு எப்படித் தெரியும்?”

கோவிந்தசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒன்னுன்னு சொல்றதா? முப்பது வருசம் நெல் அளந்த வாய் இது. வராதும்மா.”

“இது நெல் இல்லீங்க, நெலம்.”

“நெலத்துலேர்ந்துதானே நெல் வருது?”

என் திரைக்குத் திரும்பி நடந்தேன்.

இருபத்தொன்று, முப்பத்தொன்றெல்லாம் அவர் வாயில் ஒழுங்காக வரும். தனி ஒன்று மட்டும்தான் லாபம். அதாவது, ஒரே ஒரு மா வைத்திருந்தவர்கள். படிவம் முழுக்க அவர்களை விடக் குறைவாக நிலம் வைத்திருந்தவர் யாருமில்லை. அவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, பூஜ்யம் என்று முத்திரை குத்தி, பட்டியலுக்கு வெளியே தள்ளியிருந்தது என் புரோகிராம். வேண்டுமென்று செய்ய ஆள் வைத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

labam என்று grep போட்டேன். வரிகள் திரையின் மேல் ஓடின. பக்கம் நிறைந்தது, அடுத்த பக்கமும் நிறைந்தது. நிற்கிற வழியாக இல்லை. பெயர் பெயராக ஓடிய அந்தப் பச்சை எழுத்துகளைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. வெளியே அஞ்சம்மாள் ஒருவர்தான் பஸ் ஏறி வந்திருந்தார். மற்றவர்கள் கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜன்னலுக்குத் திரும்பினேன்.

“அம்மா, அது படிக்காமயே சொல்லிடுச்சு.”

அஞ்சம்மாள் தலையை ஆட்டினார். ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை.

“அதானே பாத்தேன். சரி, இப்ப படிக்கச் சொல்லு. நான் போயி வெதைய சாக்குல கட்டுறேன்.”

சுந்தரம் சாரின் யோசனை

சுந்தரம் சார் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் எல்லாரையும் போலப் பிரச்சினை வேண்டாம் என்கிறவர்.

“labam எல்லாத்தையும் ஒன்னுன்னு மாத்திடு. ஒரு sed கட்டளை, ஒரு நிமிஷ வேலை. புதுப் பட்டியல்னு சொல்லிப் பிரிண்ட் எடு. தப்பு கிப்புன்னு யார்கிட்டயும் பேசாத. கம்ப்யூட்டர் தப்புன்னு ஒரு தரம் ஒத்துக்கிட்டா, அப்புறம் எந்தப் பட்டியலையும் ஒருத்தன் நம்பமாட்டான்.”

ஒரு நிமிஷ வேலைதான். விரலை விசை மேல் வைத்தும் விட்டேன். ஆனால் அஞ்சம்மாளின் கேள்வி காதிலேயே நின்றது. லாபம் என்பது எனக்குத் தெரிந்துபோன ஒரு காரணம். தெரியாத காரணம் எத்தனையோ? ஏ-டு-ஐ எதையெதையெல்லாம் படிக்காமல் பூஜ்யம் என்றதோ?

புத்தகத்தில் நான் புரட்டிவிட்ட பக்கத்துக்குப் போனேன். strtol. பத்தாம் கணக்கு என்று சொன்னேன். விரல் வைக்க ஓர் இடமும் கொடுத்தேன். எழுத்தைப் படித்து எண்ணைச் சொல்லிவிட்டு, எங்கே நிறுத்தினேன் என்று அது காட்டும். விரல் புறப்பட்ட இடத்திலேயே இருந்தால், ஒன்றுமே படிக்கவில்லை என்று அர்த்தம். எண்ணுக்குப் பிறகு வரிமுடிவைத் தவிர வேறு எதிலாவது நின்றிருந்தால், பாதிதான் படித்திருக்கிறது. இரண்டிலும் வரியைத் தூக்கி எறியாதே, தனியாக எடுத்து என் முன்னால் வை என்று எழுதினேன். நான்கே நான்கு வரிதான் அதிகம்.

தனியாக வந்து விழுந்த வரிகளைப் பார்த்தால் லாபம் மட்டுமில்லை. படிவங்களில் மேல் வரியில் உள்ளதே கீழேயும் என்றால் ஊர்க் கணக்கில் ‘மேற்படி’ என்று எழுதுவது வழக்கம். கோவிந்தசாமி அதை அப்படியே படித்திருக்கிறார். செல்வி அதற்கு ditto என்பதன் சுருக்கமாக do என்று அடித்திருக்கிறாள். லாபத்துக்குக் கீழே மேற்படி, அதற்குக் கீழே இன்னொரு மேற்படி. சுந்தரம் சாரின் sed கட்டளை லாபத்தைக் காப்பாற்றியிருக்கும், மேற்படிகளைக் கைவிட்டிருக்கும்.

மறுநாள் முழுக்க மூட்டைகளைப் பிரித்தோம். சந்தேகப்பட்ட ஒவ்வொரு வரிக்கும் மூலப் படிவத்தை எடுத்துப் பார்த்துத் திருத்தினோம். கோவிந்தசாமி படித்தார். ‘லாபம்’ என்று வாயெடுப்பார், செல்வி ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவாள், அவர் தலையசைப்பார். கடைசி வரை ஒன்று என்று சொல்லவே இல்லை அந்த மனிதர். கீழமங்கலத்துப் பட்டியலை முதலில் பிரிண்ட் எடுத்தோம். ரிப்பன் தேய்ந்து எழுத்து வெளிறிப் போயிருந்தது, ஆனால் பெயர்கள் இருந்தன.

கீழமங்கலத்தில்

பட்டியலோடு என்னையும் ஜீப்பில் ஏற்றி அனுப்பினார் சுந்தரம் சார். ஏறும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து, “நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். புதுப் பட்டியல். அவ்வளவுதான்” என்றார்.

பஞ்சாயத்துக் கட்டடத்தின் முன்னால் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஆட்சேபணை கேட்க வந்த துணை தாசில்தார் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஊர். முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் காரியஸ்தர். அஞ்சம்மாள் ஓரமாக நின்றார். புடவைக் கொசுவத்தை உயர்த்திச் செருகியிருந்தார். வயலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்தவர் மாதிரி. காலடியில் ஈரச் சாக்கு. சாக்கின் இழைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக முளை நீட்டியிருந்தது.

துணை தாசில்தார் புதுப் பட்டியலைப் படித்தார். அஞ்சம்மாள் பெயர் வந்ததும் காரியஸ்தர் எழுந்தார்.

“அய்யா, முந்தாநாள் ஒட்டின பட்டியல்ல இந்தம்மா பேரே இல்லை. இன்னிக்கு ஒரு மாங்கிறீங்க. ரெண்டு நாள்ல நெலம் குட்டி போட்டுச்சா?”

ஊரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு யாருடைய விஷயமாக இருந்திருந்தால்.

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுன்னு உங்க ஆபீஸ்லயே சொல்றாங்களாமே” என்றார் அவர். நான் ஜன்னலில் சொன்னது எனக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. “அப்ப எந்தப் பட்டியல் தப்பு? பழசா, புதுசா?”

துணை தாசில்தார் என்னைப் பார்த்தார். “சொல்லும்மா. எது சரி?”

புதுப் பட்டியல், அவ்வளவுதான். சுந்தரம் சாரின் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் காரியஸ்தர், இரண்டில் எது சரி என்று தெரியும் வரை நிலத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று கேட்டிருப்பார். அதிகாரியும் சரி என்றிருப்பார். அதற்குள் சாக்கிலிருப்பது அழுகிவிடும்.

“பழசுதாங்க தப்பு” என்றேன். “தப்பு நான் பண்ணினது. ஒருத்தர் படிக்க ஒருத்தர் அடிச்சாங்க. ஒரு மான்னு படிவத்துல இருந்ததை அளவைக்காரர் வழக்கத்துல லாபம்னு படிச்சாரு. அடிச்ச பொண்ணு லாபம்னே அடிச்சிருச்சு. அதை எண்ணா மாத்துற எடத்துல, படிக்க முடியலேன்னா சொல்லுன்னு நான் எழுதலைங்க. அதனால அது பூஜ்யம்னு சொல்லிடுச்சு. நானும் பூஜ்யம்னா வேண்டாம்னு தள்ளிட்டேன்.”

அத்தனை பேர் முன்னால் சொல்லி முடித்தேன். கொண்டுவந்திருந்த மூலப் படிவத்தை நீட்டினேன். அதில் பேனாவால் போட்ட ஒன்று தெளிவாக இருந்தது. பக்கத்தில் அஞ்சம்மாளின் கட்டைவிரல்.

துணை தாசில்தார் படிவத்தையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பின்பு அஞ்சம்மாளைக் கூப்பிட்டு மை டப்பாவைத் தள்ளி, இன்னொரு தாளில் விரலை வைக்கச் சொன்னார். இரண்டு ரேகைகளையும் வெயிலில் பிடித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். காரியஸ்தர் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“சரி. சாகுபடிதாரர் அஞ்சம்மாள்” என்று சொல்லிக்கொண்டே துணை தாசில்தார் பேனாவைத் திறந்தார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது; கடுகடுவென்று இருந்த முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “எவ்வளவும்மா? லாபம்தானே?”

அஞ்சம்மாள் அதற்குள் குனிந்து சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டியது. வயல் பக்கமாக இரண்டடி வைத்தவர் நின்று, என் பக்கம் கையைக் காட்டினார்.

“ஒன்னுன்னே எழுதிடுங்கய்யா. லாபம்னு எழுதினா அந்தப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது.”